பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிளம்பறீங்களா? கார் கதவுல இருக்கிற ஸ்டிக்கரை முதல்ல படிங்க



சம்பளம் வந்த வாரத்துல பௌர்ணமியும் சேர்ந்து வந்துட்டா போதும். சென்னையோ பெங்களூரோ, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் "கிரிவலம் போலாமா?"ன்னு கேட்டுடுவாங்க. அஞ்சு பேர், ஆளுக்கு ஒரு பை, ஒரே கார். அந்தக் கார் பெரும்பாலும் லோன்ல வாங்கின புதுக் காராவோ, நண்பர்கிட்ட வாங்கின பழைய காராவோ இருக்கும்.

பெட்ரோல் போட்டுட்டு காற்று அடிக்கிற இடத்துக்கு வருவீங்க. அங்க இருக்கிற தம்பி கேட்பார்: "எவ்ளோ சார்?" பின் சீட்ல இருந்து ஒருத்தர் "35 வை" என்பார். இன்னொருத்தர் "வெயில் காலம், 28 போதும், இல்லன்னா வெடிச்சிரும்" என்பார். நீங்க ரெண்டுக்கும் நடுவுல "32 வைங்க" என்று சொல்லிவிட்டு கிளம்பிடுவீங்க.

இந்த மூணுமே ஊகம். சரியான எண் உங்க கார் கதவுலயே ஒட்டியிருக்கு. காரை வடிவமைச்ச இன்ஜினியர்கள் கணக்குப் போட்டு எழுதின எண் அது. அதே மாதிரி எந்த பெட்ரோல் போடணும் என்ற பதில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்துல இருக்கு. இந்த ரெண்டு ஸ்டிக்கரையும் படிக்கத் தெரிஞ்சா வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம், தெரியலன்னா எவ்வளவு நஷ்டம் என்பதை ரூபாய் கணக்காவே இன்னைக்கு பார்த்துடலாம்.

ஸ்டிக்கர் எங்க இருக்கு? எப்படி படிக்கறது?

டிரைவர் கதவைத் திறங்க. கதவு வந்து மூடுற தூண்ல ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அங்க இல்லன்னா பெட்ரோல் மூடியின் உள்பக்கம் பாருங்க. ரெண்டு இடத்துலயும் இல்லன்னா, காரோட வந்த கையேட்டுல கண்டிப்பா இருக்கும்.

அதுல நாலு விஷயம் கவனிக்கணும்.

முதல்ல, டயர் அளவு. ஒரே மாடல் காரிலேயே விலை குறைந்த வேரியன்ட்டுக்கு ஒரு அளவு, மேல் வேரியன்ட்டுக்கு வேற அளவு டயர் வரும். உங்க டயர் பக்கவாட்டுல அச்சிட்டிருக்கிற அளவு எந்த வரிசையில இருக்கோ, அந்த வரிசையைத்தான் படிக்கணும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்க இதை அவசியம் ஒப்பிட்டுப் பாருங்க. முந்தைய ஓனர் டயர் அளவை மாத்தியிருக்கலாம்.

ரெண்டாவது, முன் சக்கரம், பின் சக்கரம். சில கார்களில் ரெண்டுக்கும் ஒரே எண். சிலதுல வேற வேற. "நாலுக்கும் ஒரே மாதிரி அடிச்சிடுங்க" என்பது எல்லா காருக்கும் பொருந்தாது.

மூணாவது, பாரம். ரெண்டு மூணு பேர் போகும்போது ஒரு எண்ணும், முழு ஆள், முழு லக்கேஜோட போகும்போது வேற எண்ணும் பல ஸ்டிக்கர்களில் தனித்தனியா இருக்கும். தினமும் தனியா ஆபீஸ் போற காருக்கு முதல் எண். கிரிவலத்துக்கு அஞ்சு பேர் ஏறும் நாளுக்கு ரெண்டாவது எண். கணக்குப் பாருங்க: ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தால் அஞ்சு பேர் 325 கிலோ. பைகளோடு சேர்த்தால் 375 கிலோ. ஒரு சின்ன காரின் எடையே 900 கிலோ சுற்றித்தான் இருக்கும். அதன் மேல் இவ்வளவு ஏறும்போது, ஆபீஸ் போற நாளுக்கான காற்று போதாது.

நாலாவது, அலகு. நம்ம ஊர்ல பேச்சுவழக்கு பிஎஸ்ஐ. ஸ்டிக்கர்ல கிலோ பாஸ்கலோ பாரோ இருந்தா குழம்ப வேண்டாம். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. 220 கிலோ பாஸ்கல் என்றால் சுமார் 32 பிஎஸ்ஐ, 230 என்றால் சுமார் 33, 250 என்றால் சுமார் 36.

ஒரு எச்சரிக்கை. டயரின் பக்கவாட்டுல "அதிகபட்சம்" என்று ஒரு பெரிய எண் அச்சாகியிருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய எல்லை. உங்க காருக்கு அடிக்க வேண்டிய அளவு அது இல்லை. அதே டயர் வேற வேற கார்களுக்குப் போகும். எந்தக் காருக்கு எவ்வளவு என்று டயர் கம்பெனி எழுதுவதில்லை, கார் கம்பெனிதான் எழுதுகிறது.

"குளிர்ந்த டயர்" என்றால் என்ன?

ஸ்டிக்கர்ல இருக்கிற எண் குளிர்ந்த டயருக்கானது. பெரும்பாலான பேர் தவறவிடுவது இதைத்தான். குளிர்ந்தது என்றால் ஐஸ் மாதிரி இருக்கணும் என்று அர்த்தமில்லை. கார் குறைந்தது மூணு மணி நேரம் ஓடாம நின்றிருக்கணும், அவ்வளவுதான்.

டயர் ஓடும்போது நசுங்கி நசுங்கி விரியும். அந்த அசைவிலேயே சூடாகும். உள்ளே இருக்கிற காற்றும் சூடாகி அழுத்தம் ஏறும். நெடுஞ்சாலையில கொஞ்ச நேரம் ஓட்டினாலே 4 முதல் 6 பிஎஸ்ஐ வரைக்கும் ஏறலாம். அதனால திண்டிவனம் தாண்டி ஒரு பங்க்ல நிறுத்தி அளந்தா, 33 இருக்க வேண்டிய டயர் 37 காட்டும். "அதிகமா இருக்கு சார், இறக்கிடவா?" என்று கேட்டா வேண்டாம் என்று சொல்லுங்க. அந்த ஏற்றத்தையும் கணக்குல சேர்த்துத்தான் 33 என்று எழுதியிருக்காங்க. சூட்டுல இறக்கினா, ராத்திரி டயர் ஆறினதும் அது 29-ல நிக்கும். அடுத்த நாள் திரும்பி வரும்போது அஞ்சு பேரோட குறைந்த காற்றுல வருவீங்க.

இங்கதான் திருவண்ணாமலை பயணம் நமக்கு ஒரு வசதி பண்ணித் தருது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழியில அஷ்ட லிங்கங்களையும் கும்பிட்டு, நின்னு நிதானமா நடந்தா நாலு மணி நேரம் ஆகும். தீபம், சித்ரா பௌர்ணமி மாதிரி நாட்களில் காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லிடுவாங்க. நீங்க சுத்தி வர்ற நேரத்துல கார் டயர் நல்லா ஆறியிருக்கும். நடந்து முடிச்சு காருக்கு வரும் அந்த நேரம்தான் காற்றை அளக்கச் சரியான நேரம். சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன கேஜ் வாங்கி டேஷ்போர்டுல போட்டு வெச்சிருந்தா, ரெண்டு நிமிஷ வேலை.

சரி, காற்று குறைவா இருக்கு, ஆனா பங்க் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. போறதுக்குள்ள டயர் சூடாகிடுமே? அதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. குளிர்ந்த நிலையில உங்க கேஜ் 28 காட்டுது, வேண்டியது 33 என்று வையுங்க. குறைவு 5. பங்க்ல போய் அளக்கும்போது 30 காட்டினா, அதோட அதே 5-ஐச் சேர்த்து 35 வைக்கச் சொல்லுங்க. டயர் ஆறினதும் 33-க்கு வந்து நிக்கும்.

வெயில் காலத்துல காற்றைக் குறைக்கணுமா?

கூடாது. நம்ம ஊர்ல பரவியிருக்கிற ஆபத்தான நம்பிக்கை இது. திருவண்ணாமலை, வேலூர் பக்கம் மே மாசம் வெயில் 40 டிகிரியைத் தொடும். "தார் ரோடு கொதிக்குது, காற்றை கம்மி பண்ணிக்கோ" என்று அனுபவசாலிகளே சொல்வாங்க.

நடப்பது நேர் எதிர். காற்று குறைஞ்ச டயர் ரோட்டுல அதிகமா நசுங்கும். பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமா மடங்கி விரியும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைச்சிக்கிட்டே இருந்தா சூடாகி உடையுமே, அதே கதைதான். உள்ளே இருக்கிற ரப்பரும் நூல் அடுக்கும் சூட்டுல ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். அதோட அஞ்சு பேர் பாரம், 100 கிலோமீட்டர் வேகம், மதிய வெயில் மூணும் சேர்ந்தா டயர் வெடிக்க வேண்டிய எல்லா காரணமும் அங்க இருக்கு.

உலகத்துக்கே பாடமான ஒரு சம்பவம் 2000-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் காரின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பிரிந்து கார்கள் கவிழ்ந்தன. அந்த ஆகஸ்ட்டில் சுமார் 65 லட்சம் டயர்களை ஃபயர்ஸ்டோன் திரும்பப் பெற்றது. 271 மரணங்களை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இந்த டயர்களோடு தொடர்புபடுத்தியது. டயரில் குறை இருந்தது. அதோட காற்றின் அளவும் பெரிய விவாதமானது. ஃபோர்டு சொன்ன அளவு 26 பிஎஸ்ஐ. டயர் கம்பெனி சொன்னது 30. வித்தியாசம் வெறும் 4 பிஎஸ்ஐதான். ஆனா வெயில், பாரம், வேகம் மூணும் சேரும்போது அந்த 4 எவ்வளவு பெருசு என்பதை உலகம் அப்போ புரிஞ்சுகிட்டது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த சட்டத்தாலதான் அமெரிக்காவில் டயர் காற்று குறைஞ்சா எச்சரிக்கும் டிபிஎம்எஸ் கருவி கட்டாயமாச்சு. இப்போ நம்ம ஊர் கார்களிலும் நிறைய வருது. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. அமெரிக்க விதிப்படியே, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைஞ்சாத்தான் விளக்கு எரிய வேண்டும். 33 பிஎஸ்ஐ வேண்டிய டயர் ஏறக்குறைய 25-க்கு இறங்கும் வரை விளக்கு எரியாம இருக்கலாம்.

"மே மாசம்தானே அடிச்சேன்" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. நல்ல டயரிலிருந்தே மாசத்துக்கு சுமார் 1 பிஎஸ்ஐ தானா குறையும். அதோட வெப்பநிலை 5, 6 டிகிரி குறைஞ்சா இன்னொரு 1 பிஎஸ்ஐ இறங்கும். மே மாசம் 33 அடிச்ச டயர், ஆறு மாசம் கழிச்சு கார்த்திகை தீபம் வரும்போது மாசக் கணக்குல 6, குளிர் கணக்குல 2 அல்லது 3 இழந்து 24, 25-ல நிக்கும். பஞ்சர் எதுவும் ஆகல, ஆணி எதுவும் ஏறல. காலண்டர் மட்டும்தான் நகர்ந்தது.

நைட்ரஜன் அடிக்கலாமா?

அடிக்கலாம், தப்பில்ல. ஆனா எதுக்கு காசு தர்றோம் என்று தெரிஞ்சுக்கோங்க. சாதாரண காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 31 வகை டயர்களை ஒரு வருஷம் அப்படியே வெச்சுப் பார்த்தது. நைட்ரஜன் அடிச்ச டயர்களில் சராசரியா 2.2 பிஎஸ்ஐ குறைஞ்சது. சாதாரண காற்று அடிச்சதுல 3.5. வருஷம் முழுக்க வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐ. மாசத்துக்கு ஒரு தடவை அளக்கிற பழக்கம் இருந்தா, இந்த வித்தியாசத்துக்கு காசு தர வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க்ல காற்று இலவசமா தரணும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. கூச்சப்படாம கேளுங்க.

இப்போ ரூபாய் கணக்கு

மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்குது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைப்போம். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர், 800 லிட்டர், 80,000 ரூபாய்.

காற்று குறைஞ்சா பெட்ரோல் எவ்வளவு வீணாகும்? அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வது, நாலு டயரிலும் சராசரியா 1 பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். 6 பிஎஸ்ஐ குறைவா ஓட்டினா 1.2 சதவீதம். உங்க 80,000-ல அது 960 ரூபாய்.

"அவ்வளவுதானா?" என்று தோணும். ஆமாம், பெட்ரோல்ல அவ்வளவுதான். "காற்றை சரியா வெச்சா மைலேஜ் பிச்சிக்கும்" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. பெரிய பணம் டயர்ல போகுது.

டயர் ஒன்று 5,000 ரூபாய், நாலு டயர் 20,000 என்று வைப்போம். சரியான காற்றுல 40,000 கிலோமீட்டர் வந்தா, கிலோமீட்டருக்கு 50 பைசா. வருஷத்துக்கு 6,000 ரூபாய். காற்று குறைவா ஓட்டினா டயரின் ரெண்டு ஓரமும் சீக்கிரம் தேயும். 30,000-லேயே மாத்த வேண்டி வந்தா, வருஷத்துக்கு 8,000 ரூபாய். அதாவது பெட்ரோல்ல 960, டயர்ல 2,000. கிட்டத்தட்ட 3,000 ரூபாய், இலவசமா கிடைக்கிற காற்றை அடிக்காததுக்கு.

அளவுக்கு மேல அடிச்சா மிச்சமாகுமா? இல்ல. அப்போ டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொட்டு தேயும். பிரேக் பிடிக்கும்போது பிடிமானமும் குறையும்.

பெட்ரோல் மூடியில என்ன எழுதியிருக்கு?

இப்போ ரெண்டாவது ஸ்டிக்கர். பெட்ரோல் மூடியைத் திறந்தா உள்ளே இ10 அல்லது இ20 என்று இருக்கலாம். பெட்ரோல்ல எத்தனை சதவீதம் எத்தனால் வரைக்கும் உங்க கார் ஏத்துக்கும் என்பதைத்தான் அது சொல்லுது. 2025-ல இந்தியா 20 சதவீதக் கலப்பை எட்டிடுச்சு. இப்போ பங்க்ல நீங்க போடும் சாதாரண பெட்ரோல் பெரும்பாலும் இ20தான்.

எத்தனாலில் அதே அளவு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால மைலேஜ் கொஞ்சம் குறையும். எவ்வளவு என்பது காரைப் பொறுத்தது. நிதி ஆயோக் 2021-ல வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை, இ10-க்கு வடிவமைச்சு இ20-க்கு சரிசெய்த கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம் என்றும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு இ10-க்கு சரிசெய்த பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் என்றும் சொன்னது. நம்ம கணக்குப்படி 6 சதவீதம் என்பது வருஷத்துக்கு சுமார் 5,000 ரூபாய்.

இதை நீங்க தவிர்க்க முடியாது. ஆனா தெரிஞ்சு வெச்சுக்கணும். ஏன்னா, மைலேஜ் குறைஞ்சதும் மெக்கானிக்கிட்ட போய் இன்ஜெக்டர் சுத்தம், இன்ஜின் ஃப்ளஷ் என்று 4,000 ரூபாய் செலவு பண்றவங்க இருக்காங்க. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கிறவங்க, அந்த மாடல் எந்த மாசத்திலிருந்து இ20-க்கு ஏற்றதா வருது என்று கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டு விலை பேசுங்க. 2023 ஏப்ரல் என்பது இதுல ஒரு முக்கியமான எல்லைக்கோடு. அதற்குப் பிறகு வந்த கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை.

அடுத்து பிரீமியம் பெட்ரோல். "95 ஆக்டேன் போட்டா வண்டி பறக்கும்" என்று நினைச்சு போடறவங்க நிறைய. ஆக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை. இன்ஜினுக்குள்ள அழுத்தம் ஏறும்போது நேரத்துக்கு முன்னாடியே எரியாம பொறுத்திருக்கும் தன்மைதான் ஆக்டேன். உங்க கையேடு 91 போதும் என்று சொன்னா, 95 போட்டு உங்களுக்கு பெருசா லாபம் இல்ல. இன்னொன்று, இ20 கலப்போட சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே 95-க்கு வந்துடுச்சு என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் சொல்லியிருக்கு. லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் என்று வைத்தாலும், 800 லிட்டருக்கு 5,600 ரூபாய். கையேடு கேட்டா போடுங்க. கையேடு கேக்கலன்னா அந்த 5,600 உங்க பாக்கெட்லயே இருக்கட்டும்.

பங்க்ல உங்களுக்கு இருக்கிற உரிமைகள்

அளவுல சந்தேகமா? 5 லிட்டர் கேன்ல அளந்து காட்டச் சொல்லலாம். சட்டமுறை எடையளவு துறையின் முத்திரையோட ஒவ்வொரு பங்க்லயும் அது இருக்கணும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும்தான் வித்தியாசம் அனுமதி. 500-க்கு பதிலா 510-க்குப் போட்டா ஏமாத்த முடியாது என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. கேன்தான் ஆதாரம். தரத்துல சந்தேகம்னா அடர்த்தியைச் சோதிச்சுக் காட்டவும், ஃபில்டர் பேப்பர் சோதனை செய்யவும் கேட்கலாம்.

தானா கட் ஆனதும் நிறுத்திடுங்க. "ரவுண்டா போட்டுடறேன் சார்" என்று மேல மேல ஊத்தினா, பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் பாகத்துக்குள்ள போகும். அதை மாத்துற செலவு அந்த ரவுண்டு கணக்கைவிட பல மடங்கு.

மைலேஜை டிஸ்பிளே பார்த்து முடிவு பண்ணாதீங்க. தானா கட் ஆகும் வரை போட்டு, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்க. அடுத்த தடவையும் கட் ஆகும் வரை போடுங்க. ஓடின கிலோமீட்டரை இப்போ போட்ட லிட்டரால வகுங்க. 412 கிலோமீட்டர், 26.5 லிட்டர் என்றால் 15.5. சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியா திருவண்ணாமலை போய் வந்தா ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இந்தச் சோதனைக்கு அளவெடுத்த மாதிரி தூரம்.

அதே வழியில வேகத்தையும் பாருங்க. வேகம் 80-லிருந்து 100 ஆனா, காரை எதிர்க்கும் காற்றின் தடை சுமார் 56 சதவீதம் ஏறும். திண்டிவனம் வரைக்கும் 120 கிலோமீட்டரில் நீங்க மிச்சம் பிடிப்பது கணக்குப்படி 18 நிமிஷம். அந்த 18 நிமிஷத்தையும் டோல் கேட் வரிசையில விட்டுடுவீங்க.

டயர் வெடிச்சா இன்சூரன்ஸ் தருமா?

வழக்கமான முழுக் காப்பீட்டு பாலிசியில டயர் மட்டும் சேதமானா எதுவும் கிடைக்காது. காரும் சேர்ந்து சேதமானாத்தான், டயர் விலையில பாதி வரைக்கும் தருவாங்க. டயருக்குன்னு தனியா ஆட்-ஆன் எடுத்திருந்தாலும், எதுக்கெல்லாம் தர மாட்டோம் என்ற பட்டியலை ஒரு தடவை படிச்சிடுங்க.

இதைவிட முக்கியமான ஒரு தீர்ப்பு இருக்கு. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்கு மூணு நண்பர்கள் காரில் வந்துகொண்டிருந்தாங்க. பின் டயர் வெடிச்சு, கார் பள்ளத்துல விழுந்து, 38 வயதான ஒருத்தர் இறந்துட்டார். அந்தக் குடும்பத்தில் சம்பாதிச்சவர் அவர் ஒருவர்தான். தீர்ப்பாயம் சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இன்சூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. டயர் வெடித்தது "கடவுளின் செயல்", யார் மேலும் தப்பில்லை என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2023 பிப்ரவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடவுளின் செயல் என்பது மனிதனால் தடுக்க முடியாத இயற்கைச் சீற்றம். டயர் வெடிக்க அதிக வேகம், குறைந்த காற்று, அதிக காற்று, பழைய டயர், வெப்பம் என்று காரணங்கள் உண்டு. கிளம்பும் முன் டயரின் நிலையைப் பார்ப்பது ஓட்டுபவர், உரிமையாளரின் கடமை என்று நீதிமன்றம் சொன்னது.

புதுக் கார் எடுத்ததும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அண்ணாமலையாரை கும்பிட்டுட்டுத்தான் வண்டியை எடுக்கிறோம். நல்லது. ஆனா அந்த நாலு சக்கரத்துக்கும் காற்று பார்ப்பது நம்ம வேலை. உங்க காரில் ஏறும் நாலு பேரும் உங்களை நம்பித்தான் ஏறுறாங்க. அவங்க வீட்டு இஎம்ஐ, அப்பா அம்மா செலவு எல்லாம் அந்தப் பின் சீட்டுல உட்கார்ந்திருக்கு.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. கதவு ஸ்டிக்கரையும் பெட்ரோல் மூடி ஸ்டிக்கரையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. "எவ்ளோ சார்?" என்று கேட்டா போட்டோவைப் பார்த்து பதில் சொல்லுங்க.

2. ஒரு கேஜ் வாங்குங்க. சம்பளம் வந்த முதல் ஞாயிறு காலையில, வண்டி எடுக்கும் முன் அளங்க. ஸ்டெப்னியையும் சேர்த்து. ஸ்டெப்னியே இல்லாத கார் என்றால், பஞ்சர் கிட் எங்க இருக்கு என்று இப்பவே தேடிப் பாருங்க.

3. ட்ரெட் பள்ளத்துக்குள்ள சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டு உயரமான 1.6 மில்லிமீட்டரைத் தொட்டா, டயர் மாத்தியே ஆகணும். பக்கவாட்டுல நாலு இலக்க எண்ணையும் பாருங்க. 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது.

4. ஆள் ஏறும் நாளுக்கு முழு பாரத்துக்கான எண்ணை வையுங்க. திரும்பி வந்ததும் வழக்கமான எண்ணுக்குக் கொண்டு வாங்க.

5. தேவையில்லாம பிரீமியம் பெட்ரோல் போட்டுக்கிட்டு இருந்தா நிறுத்துங்க. அதையும் காற்றுல மிச்சமாகும் 3,000-ஐயும் சேர்த்தா வருஷத்துக்கு 8,500 ரூபாய்க்கு மேல. மாசம் 700 ரூபாய். ஒரு சின்ன எஸ்ஐபி ஆரம்பிக்க அது தாராளமா போதும்.

அடுத்த பௌர்ணமிக்கு முன்னாடி ஒரு தடவை கதவைத் திறந்து பாருங்க. ஸ்டிக்கர்ல இருந்த எண்ணும், இத்தனை நாள் நீங்க அடிச்சிட்டு இருந்த எண்ணும் என்ன என்று கமெண்ட்ல எழுதுங்க. கிரிவலத்துக்கு உங்களோட வர்றவங்களுக்கும் இதை அனுப்பி வையுங்க. பத்திரமா போயிட்டு வாங்க!